ஆற்று நீரை ஆற்றிலேயே அளக்கும் கருவிகள்

ஆற்று நீரின் தரத்தை அறிய, நீரைப் புட்டியில் முகந்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே நெடுங்கால வழக்கம். கன உலோகங்கள், பூச்சிக்கொல்லிகள் போன்றவற்றைத் துல்லியமாக அறிய இன்றும் அதுவே வழி. ஆனால், நீரின் சில பண்புகள் ஆய்வகம் போய்ச் சேரும்வரை அப்படியே இருப்பதில்லை. வெப்பநிலை சில நிமிடங்களில் மாறிவிடும். நீரிலுள்ள நுண்ணுயிரிகள் புட்டிக்குள்ளும் ஆக்சிஜனை உட்கொண்டபடியே இருக்கும். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால், அமில காரநிலையைக் காட்டும் பி.எச். மதிப்பு ஏறும். இவற்றை ஆற்றங்கரையிலேயே அளந்தாக வேண்டும்.

நேரமும் ஒரு காரணம். பாசி மிகுந்த ஆற்றில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் சேர்ந்து, பிற்பகலில் உச்சத்தைத் தொடும். இரவில் ஒளிச்சேர்க்கை நின்று சுவாசம் மட்டும் தொடர்வதால், விடிவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துபோகும். மீன்களுக்கு மூச்சுமுட்டும் நேரம் அது. காலை 11 மணிக்கு மாதிரி எடுப்பவருக்கு அந்தத் தாழ்வு தெரியாது; இரவில் திறந்துவிடப்படும் ஆலைக் கழிவும் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை அளந்து குறித்துவைக்கும் சிறு கருவி ஆற்றில் கிடந்தால் இரண்டுமே பதிவாகிவிடும்.

மலிவான மின்னணுச் சில்லுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, இத்தகைய கருவிகளைக் கல்லூரி மாணவர்களும் தன்னார்வக் குழுக்களும் தாங்களே செய்கிறார்கள். திரையில் ஓர் எண்ணை வரவைப்பது இப்போது சுலபம். அந்த எண்ணை நம்பலாம் என்ற நிலைக்குக் கருவியைக் கொண்டுவருவதில்தான் பெரும்பாலான வேலை இருக்கிறது.

எவற்றை அளப்பது?

களக் கருவிகள் வழக்கமாக அளப்பவை ஐந்து: வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், கலங்கல், கரைந்துள்ள ஆக்சிஜன். இவை எந்த நஞ்சின் பெயரையும் சொல்வதில்லை. ஆற்றின் இயல்பு நிலை மாறியிருக்கிறது என்பதைச் சொல்பவை.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பயன்பாட்டின் அடிப்படையில் நீர்நிலைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க நீருக்கு லிட்டருக்குக் குறைந்தது 6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். குளிக்கும் துறைக்கு 5, மீன் வளர்ப்புக்கு 4. குளிக்கும் நீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். பாசன நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது. கருவி காட்டும் எண்ணை இந்த வரம்புகளோடு வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

ஆக்சிஜன் அளவைத் தனியாகப் பார்க்கவும் கூடாது. கடல்மட்ட உயரத்தில் 20 டிகிரி செல்சியஸில் உள்ள தூய நீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. சித்திரை வெயிலில் 6.5 என்று காட்டும் ஆறு நல்ல நிலையில் இருக்கிறது. குளிர்ந்த மலையோடையில் அதே 6.5 ஏதோ கோளாறு இருப்பதைக் காட்டும்.

எந்தப் பண்பை அளப்பது என்பது அந்த ஆற்றின் சிக்கலைப் பொறுத்தது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காக ஏராளமான உப்பு சேர்க்கப்படுகிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு அந்த உப்பை நீக்காது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் உப்பேறிய சாயக்கழிவு தேங்கியதும், உழவர்கள் வழக்குத் தொடுத்ததும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நாடறிந்தவை. சாயத்தின் நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு நீரிலேயே இருக்கும்; அதைக் கண் காணாது, மின்கடத்துதிறன் உடனே காட்டிவிடும். நகரச் சாக்கடை கலக்கும் ஆற்றிலோ முதலில் அளக்க வேண்டியது ஆக்சிஜன்.

மின்சாரம் வேண்டாத கருவிகள்

ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் கருவி மின்னணுக் கருவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வைத்து நீரின் தெளிவை அளந்தார். செக்கித் தட்டு ஏரிகளில் இன்றும் பயன்படுகிறது. ஓடும் ஆற்றில் தட்டு நிலையாக நிற்காது, ஆழமும் போதாது. அதனால் அடியில் கறுப்பு வெள்ளைக் குறி பொறித்த ஒளிபுகும் குழாயில் ஆற்று நீரை ஊற்றி, குறி தெரியும்வரை நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றிப் பார்ப்பார்கள். எஞ்சிய நீரின் உயரமே தெளிவின் அளவு.

ஆக்சிஜனுக்கு ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஸ் விங்க்லர் 1888இல் வகுத்த முறை இன்றும் நம்பகமானது. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்தால், நீரிலிருந்த ஆக்சிஜன் பழுப்பு வீழ்படிவாகச் சிக்கிக்கொள்ளும். பிறகு அமிலம் சேர்க்கும்போது ஆக்சிஜனின் அளவுக்கு ஏற்ப அயோடின் வெளிப்படும். அதைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்த்துக் கணக்கிடலாம். புதிய மின்னணுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும் இந்த முறையே உரைகல்லாகிறது.

ஆற்றில் வாழும் சிறு உயிர்களே சில இடங்களில் அளவுகோலாகின்றன. ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை போன்ற பூச்சிகளின் இளநிலைகள் ஆக்சிஜன் நிறைந்த தூய நீரில் மட்டுமே தழைக்கும். மண்புழு இனத்தைச் சேர்ந்த நீர்ப்புழுக்களும் அட்டைகளும் மாசையும் தாங்கும். தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ் முறை இத்தகைய உயிர்களை 13 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தருகிறது. வலையால் அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டி, கண்ட குழுக்களின் மதிப்பெண்களுக்குச் சராசரி எடுத்தால் ஓடையின் நிலை தெரியும். கருவி அந்தக் கணத்தைத்தான் அளக்கும். பூச்சிகள் பல வாரங்களாக அந்த நீரில் இருந்தவை. நேற்றிரவு வந்துபோன நஞ்சுக்கும் அவை சாட்சி.

உணரிகள் எப்படி வேலை செய்கின்றன?

மின்னணுக் கருவியின் முனையில் இருப்பது உணரி, அதாவது சென்சார். ஒவ்வொரு பண்புக்கும் தனி உணரி வேண்டும். அவற்றுள் எளியது வெப்பநிலை உணரி. டி.எஸ்.18பி20 என்ற சில்லை எஃகுக் குழாயில் அடைத்து விற்கிறார்கள். அரை டிகிரிப் பிழைக்குள் அளந்து, எண்ணாகவே தந்துவிடும். வெப்பநிலை தெரியாமல் பி.எச்., மின்கடத்துதிறன், ஆக்சிஜன் ஆகியவற்றைத் திருத்திக் கணக்கிட முடியாது என்பதால், எந்தக் கருவியிலும் இது கட்டாயம்.

மின்கடத்துதிறனை அளக்க, இரண்டு மின்முனைகளை நீரில் வைத்து அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். நேர்மின்னோட்டம் கொடுத்தால் முனைகளில் அயனிகள் குவிந்து அளவு தவறும். ஆகவே மாறுமின்னோட்டம் தருவார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும் என்பதால், எல்லா அளவையும் 25 டிகிரிக்கு மாற்றிச் சொல்வது மரபு. கடைகளில் விற்கும் டி.டி.எஸ். பேனாவும் அளப்பது கடத்துதிறனைத்தான். பிறகு அதை 0.5 முதல் 0.7 வரையுள்ள ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பின் அளவாகக் காட்டுகிறது. கிருமியோ பூச்சிக்கொல்லியோ அதன் கண்ணில் படாது.

பி.எச். அளவை 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் வகுத்தவர் வேதியியலாளர் சோரன்சென். அதை அளக்கும் கண்ணாடி மின்முனை, 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட் என்ற கணக்கில் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தருகிறது. கண்ணாடியின் மின்தடை மிக மிக அதிகம் என்பதால், சாதாரண மின்சுற்றில் நேரடியாக இணைத்தால் அந்தச் சிறு அழுத்தமும் அழிந்துவிடும். உள்ளீட்டுத் தடை மிகுந்த பெருக்கி ஒன்று இடையில் தேவை. கண்ணாடி முனை காயவும் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைத்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் போட்டால் கெட்டுவிடும். எவ்வளவு பேணினாலும் ஓரிரு ஆண்டுகளில் மூப்படையும்.

கலங்கலை அளக்க ஒளி உதவுகிறது. கூரை இடுக்கு வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மின்னுவதைப் போல, நீரில் மிதக்கும் துகள்களும் தம்மீது படும் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒளிக்கற்றைக்கு 90 டிகிரிக் கோணத்தில் ஓர் ஒளியுணரியை வைத்தால் சிதறிய ஒளியின் அளவு தெரியும். நீரின் நிறம் குழப்பாமலிருக்க 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துமாறு ஐ.எஸ்.ஓ. 7027 தரநிலை கூறுகிறது. மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கலங்கல் உணரிகள் பல, துணியும் பாத்திரமும் கழுவும் இயந்திரங்களுக்கென்று செய்யப்பட்டவை. அழுக்கு நீரை அவை அடையாளம் காணும். ஓரளவு தெளிந்த ஆற்று நீரில் ஏற்படும் சிறு மாற்றங்கள் அவற்றுக்குப் பிடிபடாது.

கரைந்த ஆக்சிஜனுக்கு இரண்டு வகை உணரிகள் உண்டு. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் 1950களில் இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க உருவாக்கிய மின்முனை முதல் வகை. மெல்லிய சவ்வின் வழியே ஊடுருவும் ஆக்சிஜன் மின்முனையில் வினைபுரிந்து மின்னோட்டத்தைத் தரும். அளக்கும்போதே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், முனையைச் சுற்றி நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிய நீரில் அளவு குறைத்துக் காட்டும். இரண்டாவது வகை ஒளி சார்ந்தது. நீல ஒளி பட்டதும் ஒளிரும் சாயப்பூச்சு ஒன்றின் ஒளிர்வை ஆக்சிஜன் தணித்துவிடும். எவ்வளவு தணிந்தது என்பதிலிருந்து ஆக்சிஜனின் அளவைக் கணக்கிடலாம். இது ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை; பராமரிப்பும் குறைவு. விலைதான் அதிகம்.

உறுப்புகளைச் சேர்த்துக் கட்டுதல்

உணரிகள் தரும் மின்குறியை எண்ணாக்கிச் சேமிக்கும் மூளை, நுண்கட்டுப்படுத்தி. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ அட்டை இத்துறையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதன் மின்சுற்று வரைபடம் யாரும் பார்த்துச் செய்யக்கூடியதாக வெளியிடப்பட்டதால், மலிவான அட்டைகள் உலகெங்கும் பரவின. எனினும் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. ஆர்டுயினோ ஊனோ என்ற அட்டை 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். பி.எச். மின்முனையை வெறுமனே இணைத்தால் ஒரு படி ஏறுவதே 0.08 பி.எச். மாற்றமாகிவிடும். அதனால்தான் குறியைப் பெருக்கியோ, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 16 பிட் சில்லு ஒன்றைச் சேர்த்தோ பிரிப்பை நுணுக்கமாக்குகிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே நீரில் பல உணரிகள் இருப்பது. கடத்துதிறன் உணரி நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறது, பக்கத்திலுள்ள பி.எச். மின்முனை அந்த மின்சாரத்தையும் சேர்த்துப் படித்துவிடும். தனித்தனியே சரியாக வேலை செய்த உணரிகள் ஒன்றாகக் கட்டியதும் தாறுமாறாகக் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு உணரிக்கும் மின்தனிமைப்படுத்தும் சுற்று வைப்பது ஒரு தீர்வு. ஒன்று அளக்கும்போது மற்றதன் மின்சாரத்தை முற்றிலும் துண்டிப்பது இன்னொன்று.

மின்சாரச் செலவும் கணக்குப் பார்க்க வேண்டியது. 50 மில்லிஆம்பியர் எடுக்கும் அட்டையை இடைவிடாமல் ஓட்டினால் 2,500 மில்லிஆம்பியர் மணி கொண்ட லித்தியம் பேட்டரி 50 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை 10 விநாடி மட்டும் விழித்து அளந்துவிட்டு மீண்டும் உறங்குமாறு நிரல் எழுதினால், அதே பேட்டரி சில மாதங்கள் வரும். சிறு சூரியத் தகடும் சேர்ந்தால் பேட்டரியை மாற்ற ஆற்றுக்குப் போகும் வேலையும் குறையும். நேரத்தைத் தவறாமல் குறிக்கத் தனிக் கடிகாரச் சில்லும், தரவைச் சேமிக்க மெமரி கார்டும் வேண்டும். தரவை உடனுக்குடன் அனுப்ப, கைபேசிச் சிம் கார்டு அல்லது லோரா என்ற குறைந்த மின்செலவு வானொலி முறை பயன்படும். லோராவுக்கு இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை உரிமம் தேவையின்றிக் கிடைக்கிறது.

கடைசியாக, உறை. பி.வி.சி. குழாயும் ரப்பர் வளையமிட்ட மூடியும் பலருக்குப் போதுமானவை. ஐ.பி.67 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நீர் புகாது என்பதற்கு மட்டுமே உறுதி. மாதக்கணக்கில் மூழ்கியிருப்பதற்கு அது போதாது. நீர் பெரும்பாலும் கம்பி வெளியேறும் துளை வழியாகத்தான் நுழையும். அந்த இடத்தை எப்பாக்சியால் அடைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வழக்கம். நீரில் கிடக்கும் உணரியின்மேல் சில நாள்களிலேயே பாசி படரும். செம்புத் தகடு சுற்றுவதும், துடைக்கும் சிறு தூரிகை பொருத்துவதும் அதைத் தள்ளிப்போடும், முற்றிலும் தடுக்காது.

இவை எல்லாம் ஒருங்கிணைந்து வெற்றி பெற்ற முயற்சிக்கு அமெரிக்காவின் டெலவேர் ஆற்றுப் படுகை நல்ல எடுத்துக்காட்டு. பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்ட்ரௌட் நீர் ஆய்வு மையம், ஆர்டுயினோவோடு ஒத்தியங்கும் மேஃபிளை என்ற அட்டையை வடிவமைத்தது. தூய நீரின் அடையாளமான பூச்சியின் பெயரே அதற்கு. சூரியத் தகட்டில் இயங்கும் இந்த அட்டைகளை ஓடைக்கரைகளில் நிறுவிப் பராமரிப்பவர்களில் உள்ளூர்த் தன்னார்வலர்களும் உண்டு. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பு ஓடைகளில் கலக்கும்போது கடத்துதிறன் திடீரென்று எகிறுவதை இவை பதிவுசெய்கின்றன. பல நிலையங்களில் அட்டைதான் மலிவானது. அதோடு இணைத்த உணரிகள் தேர்ந்த நிறுவனங்களின் தயாரிப்புகள். எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

நைட்ரேட்டும் கிருமியும்

உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றுக்கு நிறமாற்ற முறை ஏற்றது. வினைப்பொருள் சேர்த்ததும் நைட்ரேட் இளஞ்சிவப்பாகவும் பாஸ்பேட் நீலமாகவும் நிறம் தரும். நிறம் அடர்ந்தால் செறிவு அதிகம். அட்டையிலுள்ள நிறங்களோடு கண்ணால் ஒப்பிடலாம். ஆனால் ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் முடிவு மாறும். பச்சை எல்.இ.டி. ஒளியை இளஞ்சிவப்புக் கரைசலின் வழியே செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் சிறு பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கும். வெளி ஒளி புகாத மூடிதான் அதில் முக்கியமான உறுப்பு.

கிருமிகளை உடனே காட்டும் எளிய கருவி இன்னும் பரவலாக வரவில்லை. குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு காகிதச் சோதனை, குடிநீருக்கு நன்கு பயன்படுகிறது. மலக்கழிவு கலந்த நீரை அந்தக் காகிதம் இட்ட புட்டியில் ஊற்றி வைத்தால் ஒரு நாளுக்குள் கறுத்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் அடைகாப்புப் பெட்டிகூட வேண்டாம். ஆனால் அது இருக்கிறது, இல்லை என்று மட்டுமே சொல்லும். ஆற்று நீர் பெரும்பாலும் கறுக்கவே செய்யும் என்பதால், ஆற்றுக்கு எண்ணிக்கையே தேவை. அதற்கு இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் உருவான டெல்அகுவா போன்ற கைப்பெட்டிகள் உள்ளன. நீரைச் சவ்வில் வடிகட்டி, பேட்டரியில் இயங்கும் பெட்டியில் 44 டிகிரியில் வைத்து, மறுநாள் தோன்றும் நுண்ணுயிர்க் குடியிருப்புகளை எண்ணுவார்கள்.

எண்ணை நம்புவதற்கு

எந்த உணரியும் நாள்பட நாள்பட விலகும். எனவே அளவு தெரிந்த திட்டக் கரைசல்களில் முக்கி, காட்டும் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். பி.எச்.சுக்கு 4, 7, 10 என்ற தாங்கல் கரைசல்கள். கடத்துதிறனுக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ் காட்டும் பொட்டாசியம் குளோரைடு கரைசல். ஆக்சிஜனுக்கு ஈரம் நிறைந்த காற்று. ஆற்றுக்குப் போகுமுன் மட்டும் சோதித்தால் போதாது. திரும்பிய பின்னும் சோதித்தால்தான் இடையில் விலகியதா என்று தெரியும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு புட்டி நீரை ஆய்வகத்துக்கும் அனுப்பி, இரண்டு எண்களையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

அளக்கும் இடமும் முறையும் அதே அளவுக்கு முக்கியம். கரையோரத் தேக்கத்தைத் தவிர்த்து ஓட்டமுள்ள இடத்தில், நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் அளந்தால்தான் கழிவின் பங்கு தெரியும். தேதி, நேரம், இடம், கடைசியாக அளவு திருத்திய நாள், முந்தைய நாளின் மழை ஆகியவை பதிவேட்டில் இல்லாத எண்ணை ஓராண்டுக்குப் பின் யாரும் பயன்படுத்த முடியாது.

இந்த எண்களுக்குச் சட்டத்தில் எந்த அளவு இடம் உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆலைக் கழிவின் மாதிரியை எடுப்பதற்குத் திட்டமான நடைமுறை வகுத்திருக்கிறது. ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற வேண்டும். அந்த நடைமுறையைப் பின்பற்றாத மாதிரியின் முடிவைச் சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே தன்னார்வலரின் கருவி ஆய்வகத்துக்கு மாற்றாகாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் அதிகாரிகள் மாதிரி எடுக்க வேண்டும் என்று அது காட்டும். வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவில் மட்டும் கடத்துதிறன் எகிறுகிறது என்ற வரைபடம் கையில் இருந்தால், முத்திரைப் புட்டியோடு வருபவர் சரியான நேரத்தில் வந்து நிற்கலாம்.